வெயில் காலத்தில் மின்சார காருக்குத் தினமும் 100% சார்ஜ் போடலாமா?

பர்கூர்_ஈவி: "80%க்கு மேல ஏத்தவே கூடாது"ன்னு எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து எழுதித் தர்றீங்க. அது என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) செல்லுக்கு. டாடா நெக்ஸான், பிஒய்டி அட்டோ 3 கார் எல்லாம் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). அதுல சார்ஜோட நடுப்பகுதி முழுக்க செல் வோல்டேஜ் 3.2–3.3 வோல்ட்டை விட்டு அசையாது. அதனால மிச்சம் எவ்வளவுன்னு பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட்) உள்ள போன, வெளிய வந்த கரண்டைக் கூட்டிக் கழிச்சுத்தான் சொல்லுது. அந்தக் கணக்கு பிசகினா 100 தொட்டாத்தான் நேராகும். மாசக்கணக்கா 80லயே நிறுத்தினா, 15% காட்டும்போதே திடீர்னு பவர் குறையலாம்.

தருமபுரி_டவுன்: வாரம் ஒருதடவை 100 போடுங்க, யார் வேணாம்னது? தினமும் எதுக்கு? எல்எஃப்பியும் முழு சார்ஜோட சூட்டுல நின்னா தேயும். ஆனோடு (செல்லோட எதிர்மின் முனை) மேல படியுற படலம் தடிச்சு லித்தியத்தைத் தின்னும். சனிக்கிழமை ராத்திரி நிரப்பிட்டு திங்கள்வரை தகரக் கொட்டாயில நிறுத்துறீங்களே, அதுதான் கெடுதல்.

பர்கூர்_ஈவி: நிறுத்தி வைக்கிறது தப்பு, சரி. அதுக்குத்தான் டைமர் இருக்கு. 40 யூனிட் பேட்டரியில 20லிருந்து 100க்கு 32 யூனிட். 15 ஆம்ப் சாக்கெட்ல 3.3 கிலோவாட், நஷ்டமும் சேர்த்து சுமார் 11 மணி நேரம். சாயங்காலம் 7க்குப் போட்டா காலை 6க்கு முடியும். 100 வந்ததும் பிளக்கைப் பிடுங்காதீங்க, கிளம்புறவரை விடுங்க. செல்லுங்களைச் சமப்படுத்துறது அந்த உச்சியிலதான், அதுவும் ரொம்பச் சின்ன கரண்ட்ல.

ஓசூர்_டாக்ஸி: வீட்டு சாக்கெட் கதை எங்களுக்கு ஆகாதுண்ணே. ஹைவேல 50 கிலோவாட் டிசி வேக சார்ஜர்தான். அதுல செத்துடுமா?

தருமபுரி_டவுன்: சாகாது தம்பி. ஆனா 40 யூனிட் பேக்குக்கு அது 1.25சி (ஒரு மணி நேரத்துல பேட்டரி கொள்ளளவுல 1.25 மடங்கு ஏத்துற வேகம்), வீட்டு சாக்கெட் 0.08சிதான். உச்சி வெயில்ல 100 கிலோமீட்டர் வேகத்துல மிதிச்சு வந்து உடனே சொருகினா பேக் ஏற்கெனவே சூடு. பிஎம்எஸ்ஸே வேகத்தைக் குறைக்கும், நேரமும் போச்சு. 80ல கழட்டிட்டுக் கிளம்பு. அதுக்கு மேல ஏறுறதுக்குக் காத்திருக்கிற நேரம்தான் நஷ்டம். அப்புறம், 100% போட்டு தொப்பூர் கணவாய் இறங்காதே. பேட்டரி நிரம்பியிருந்தா ரீஜென் (இறக்கத்துல மோட்டாரே வேகத்தைக் குறைச்சு கரண்டைப் பேட்டரிக்குத் திருப்புறது) இழுக்காது, பிரேக் பேட்தான் காயும்.

பர்கூர்_ஈவி: தருமபுரியில நிரப்பினாலும் தொப்பூர் சுமார் 25 கிலோமீட்டர். அதுக்குள்ள 8, 9 சதவீதம் இறங்கிடும், ரீஜெனுக்கு இடம் இருக்கும். பென்னாகரத்துல நிரப்பின கையோட ஒகேனக்கல் இறங்குறவங்களுக்குச் சொல்லுங்க, அது நியாயம்.