ஒற்றைக் கடுவனுக்குத் துணையாக இன்னொரு பூனை எடுக்கலாமா?

மாடிப்பூனை எழுதியது:

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, இரண்டு அறை ஃபிளாட். வீட்டில் நாலு வயதுக் கடுவன் ஒன்று. கருத்தடை ஒபரேஷன் செய்தாயிற்று, வெளியில் விடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை தனியே நிற்பான். இரவு 2 மணிக்கு எழும்பிக் கத்துகிறான், நடந்து போனால் காலைக் கவ்வுகிறான். 'தனிமைதான், துணை ஒன்று எடுங்கோ' என்கிறார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் தாயில்லாத குட்டி ஒன்று நிற்கிறது, மூன்று மாதம் இருக்கும். எடுத்தால் துணையாகுமா, இரண்டும் கடிபடுமா? எடுப்பதென்றால் எந்த ஒழுங்கில் செய்வது?

தெஹிவளையான் எழுதியது:

கத்துவதும் காலைக் கவ்வுவதும் தனிமையைவிடச் சலிப்புக்குத்தான் கூடப் பொருந்தும். பூனை தனியே வேட்டையாடுகிற பிராணி. அந்தியும் அதிகாலையும் அதற்கு வேட்டை நேரம். பகல் முழுக்க நித்திரை கொண்டவனுக்கு இரவில் துரத்த எதுவும் இல்லை, உங்கள் கால் மட்டுந்தான் அசைகிறது.

முதலில் இதைச் செய்து பாருங்கோ. இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் 10 - 15 நிமிடம், தடியில் கட்டிய இறகையோ துணிவாலையோ இழுத்து விளையாட்டுக் காட்டுங்கோ. பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாமல் அதைவிட்டு விலகி ஓடுகிற மாதிரி, கதிரைக்குப் பின்னால் ஒளிகிற மாதிரி இழுக்க வேண்டும். கடைசியில் பிடிக்க விடுங்கோ, உடனே சாப்பாடு வையுங்கோ. வேட்டை, தீன், பிறகு நித்திரை என்பதுதான் அதன் ஒழுங்கு. காலையில் வேலைக்குப் போக முன் இன்னொருமுறை. கத்தும்போது எழும்பிச் சாப்பாடு போட்டால் கத்தினால் கிடைக்கும் என்று பழகிவிடும், அதை மட்டும் செய்ய வேண்டாம். திடீரென்று தொடங்கிய கத்தல் என்றால் நோவு ஏதும் இருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கோ.

மூன்று கிழமை இப்படிச் செய்தும் மாறாவிட்டால் துணையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கோ: பல்கனியால் வேறு பூனை தெரியும்போது என்ன செய்கிறான்? எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தால் நல்லது. வாலைப் புசுபுசுவென்று ஊதிக்கொண்டு உறுமினால், சுவரில் மூத்திரம் பீச்சினால், இரண்டாவது பூனையை அவன் துணையாக எடுக்க மாட்டான். அவன் கண்ணில் அது எல்லை தாண்டி வந்த பூனைதான்.

நீலாம்பரி எழுதியது:

அண்ணா சொன்னது சரி. நான் குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் விடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. தெருக்குட்டியில் தெள்ளு, குடற்புழு, காதுச் செள், படர்தாமரை எல்லாம் இருக்கலாம். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். எல்லாவற்றிலும் மோசமானது பான்லியூக்கோபீனியா, பூனைக்குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூடக் கிடக்கும்.

ஆகவே குட்டி வரமுன் கடுவனின் ஊசிகள் காலாவதியாகவில்லை என்று பாருங்கோ. குட்டி நேரே வைத்தியரிடம் போக வேண்டும், பிறகு குறைந்தது 14 நாள் தனி அறை. மலசலத்துக்குத் தனி மண் தட்டு, சாப்பாட்டுக்குத் தனிப் பாத்திரம். உள்ளே போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். தரைக்கு டெட்டோல் வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு, இந்த வைரஸையும் கொல்லாது. முதலில் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஈரமாக விட்டு நன்றாக அலசுங்கோ. தெள்ளுக்கு நாய் மருந்தைப் பூச வேண்டாம், பல நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை லியுக்கீமியா வைரஸ்) இரண்டையும் பார்க்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். 6 மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி பொசிற்றிவ் வந்தால் பயப்பட வேண்டாம், தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம். 6 மாதம் கழிந்ததும் மறுபடி பார்ப்பார்கள். லியுக்கீமியா நெகற்றிவ் என்றாலும் அண்மையில் தொற்றியிருக்கலாம், 30 நாள் கழித்து இன்னொருமுறை பார்த்தால்தான் நிச்சயம்.

பிடிக்கும்போது தடித்த துவாயால் மூடிப் பிடியுங்கோ. கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இலங்கையில் விசர்நாய் நோய் இன்னும் இருக்கிறது, பூனையாலும் வரும்.

மாடிப்பூனை எழுதியது:

நன்றி அண்ணா, அக்கா. பாத்ரூமில் 14 நாள் வைக்கலாமா? வைரஸ் பிரச்சினை முடிந்த பிறகு இரண்டையும் எப்படிச் சந்திக்க வைப்பது?

கரையோரம் எழுதியது:

எங்கள் ஊர் பாத்ரூம் எப்போதும் ஈரம், குட்டிக்குக் குளிர் பிடிக்கும். படுக்கையறையைக் கொடுத்துவிட்டு நீங்கள் கூடத்தில் படுங்கோ.

அறிமுகம் மணத்தில் தொடங்க வேண்டும். இரண்டும் படுக்கும் துணியை நாளுக்கொருமுறை மாற்றிப் போடுங்கோ. மணந்துவிட்டு உறுமாமல் விலகினால், மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதல் நாள் 2 மீற்றர் தள்ளி வைத்து, பிறகு கிட்டக் கொண்டு வாருங்கோ. சாப்பிடாமல் கதவையே முறைத்துக்கொண்டு நின்றால் பாத்திரத்தைப் பின்னுக்கு எடுங்கோ. அடுத்தது வலை. நுளம்புவலையைக் கிழித்துவிடும், கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சட்டத்தில் அடித்து வாசலில் வையுங்கோ. அதற்கும் பழகிய பிறகு, வலையில்லாமல் 5 நிமிடம், ஆளுக்கொரு விளையாட்டுத் தடியோடு. கையில் ஒரு காட்போட் மட்டை இருக்கட்டும். சண்டை வந்தால் இடையில் இறக்குவதற்கு. கையை விட்டால் கடி உங்களுக்குத்தான்.

சீறுவதும் ஒரு தட்டுத் தட்டுவதும் பரவாயில்லை. காது பின்னால் ஒட்டி, சத்தமே இல்லாமல் முறைத்துக்கொண்டு வழியை மறிப்பதுதான் ஆபத்து. வெளியில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், மற்றது தட்டுக்குப் போகப் பயந்து மூலையில் இருக்கும். அப்படியென்றால் ஒரு படி பின்னுக்குப் போங்கோ. எல்லாம் சரிவர மாதம் இரண்டும் ஆகலாம்.

இரண்டு பூனைக்கு மண் தட்டு மூன்று, வேறுவேறு இடத்தில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு. நீளம் பூனையின் உடலைப் போல் ஒன்றரை மடங்கு. கடையில் விற்கிறவை சின்னன், உடுப்புப் போடும் பிளாஸ்டிக் பெட்டி மேல். சாப்பாட்டுப் பாத்திரங்கள் ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் விட்ட தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. அலுமாரி மேலே ஒவ்வொரு பூனைக்கும் ஒரு இடம் வேண்டும். இந்த மூன்று மண் தட்டையும் வைக்க ஃபிளாட்டில் இடம் காணாது என்றால், என் அபிப்பிராயத்தில் எடுக்காதேங்கோ.

தெஹிவளையான் எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். கடுவனுக்கு மனவுளைச்சலோடு மூத்திரக்குழாய் அடைபடுவது உண்டு. தட்டில் அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டு மட்டும் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ காலை வரை பார்த்திருக்க வேண்டாம், இரவென்றாலும் கொண்டு ஓடுங்கோ. ஓரிரு நாளில் உயிர் போகும். இரண்டு பூனை வந்தபின் எந்தப் பூனை போனது என்று தெரியாமல் போய்விடுவதால், தட்டைத் துப்புரவாக்கும்போது மண்ணில் இறுகிய மூத்திரக் கட்டிகளை எண்ணிப் பாருங்கோ. பல்கனிக் கம்பி இடைவெளியையும் அளந்து பாருங்கோ. நாலு வயதுக் கடுவன் புகமாட்டான், மூன்று மாதக் குட்டியின் தலை போனால் உடம்பும் போகும்.