ஆடியோ குழுவில் வாக்குவாதம் முற்றும்போது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இழையைத் தொடங்கியவர் (மட்டுறுத்துநர், சென்னை)

நண்பர்களே, நம்மில் பலர் ஏதாவது ஓர் ஆடியோ குழுவில் இருக்கிறோம். சிலர் அதை நடத்தவும் செய்கிறோம். கேபிள், ஹை-ரெஸ் கோப்பு (சிடியை விட நுணுக்கமாகப் பதிவானது), எல்பி இசைத்தட்டா சிடியா என்று பேச்சு ஆரம்பித்தாலே கொஞ்ச நேரத்தில் அடிதடி நிலைக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் குழுவில் ஒருவர் புதிதாகப் பவர் கேபிள் வாங்கியிருந்தார். "மாட்டின உடனே ஜானகியம்மா குரல் ஸ்பீக்கரை விட்டு முன்னால் வந்து நிற்கிறது" என்று எழுதினார். உடனே இன்னொருவர், "சுவருக்குள் அத்தனை அடி சாதா ஒயர் ஓடுகிறது, கடைசி நாலடியை மாற்றினால் குரல் எப்படி மாறும்?" என்று கேட்டார். அதுவரைக்கும் சரி, நியாயமான கேள்விதான். அப்புறம் "உனக்குக் காது அவிந்துபோச்சு" என்று ஒருவர், "வாங்க வக்கில்லாதவன் வயிற்றெரிச்சல்" என்று இன்னொருவர். வசை இருந்த பதிவுகளை மட்டும் நீக்கி, எழுதிய இருவரையும் ஒரு நாள் பேச முடியாதபடி வைத்தேன். கேபிள் பதிவை நீக்கவில்லை. அதற்கு வந்த கேள்வியையும் நீக்கவில்லை.

அன்று இரவு ஓர் இளைஞர் தனியாகச் செய்தி அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வந்திருக்கிறது. வீட்டில் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், சாதாரண ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). "அந்தக் கேபிள் 18,000 ரூபாய் சார், வாங்கட்டுமா?" என்று கேட்டார். குழுவில் ஒருவர் எழுதுவதை நம்பி இன்னொருவர் சம்பளக் காசை எடுத்து வைக்கிறார். மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதாது என்று அதற்குப் பிறகுதான் எல்லாரையும் கூட்டிப் பேசினோம்.

உலகத்தில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. 2001இல் தொடங்கிய ஹைட்ரஜன்ஆடியோ என்ற இணைய மன்றத்தில் எட்டாம் விதி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒலித்தரம் பற்றி ஒன்றைச் சொன்னால், ஏபிஎக்ஸ் மாதிரி எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கும் சோதனையில் தேறியதைக் காட்ட வேண்டும். ஹெட்-ஃபை என்ற இன்னொரு மன்றத்தில் நேர் எதிர்: கேபிள்களுக்கான பகுதியில் அந்தச் சோதனைப் பேச்சையே எடுக்கக் கூடாது. பேச விரும்புகிறவர்களுக்கு 'சவுண்ட் சயின்ஸ்' என்று தனி இடம். இரண்டாவது வழியில் சண்டை குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இளைஞர் கேபிள் பகுதிக்குத்தானே முதலில் போவார்? அங்கே அவருக்கு மறுபக்கத்தைச் சொல்ல ஆளே இருக்காது.

முதல் வழியையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எம்பி3, ஏஏசி என்கோடர்களை (ஒலிக்கோப்பைச் சுருக்கும் நிரல்களை) செதுக்குகிறவர்கள் கூடிய இடம் அது, அவர்களுக்கு அந்தக் கண்டிப்பு தேவை. நம் குழுவில் பாதிப் பேச்சு பாட்டைப் பற்றியது, பழைய நினைவுகளைப் பற்றியது. அதனால் இப்படி வைத்தோம்: "எனக்குப் பிடித்திருக்கிறது", "இந்த ஆம்பில் கேட்டால் மனசு நிறைகிறது" என்று சொன்னால் யாரும் ஆதாரம் கேட்கக் கூடாது. "இதை மாற்றினால் ஒலி மாறும்" என்று சொன்னால் கேட்கலாம், சொன்னவர் பதில் சொல்ல வேண்டும். கேட்கிற கேள்வி மூன்றே. வால்யூமைச் சமப்படுத்தினீர்களா? எது ஓடுகிறது என்று தெரிந்தே கேட்டீர்களா? எத்தனை முறை?

மூன்றாவது கேள்வியைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். பத்துக்கு எட்டு சரி என்றால் பெரிய விஷயமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ சரியாக அமைய ஏறக்குறைய 18இல் ஒரு வாய்ப்பு உண்டு. குழுவில் இருபது பேர் முயன்றால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு அப்படி அமைந்துவிடும். 16க்கு 12 என்றால் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எத்தனை முறை என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், நல்ல எண் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது.

கோவை, வீட்டில் ஆம்ப் கட்டுபவர்

உங்கள் முதல் கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன், வால்யூம்.

நண்பர்கள் என் வீட்டில் கூடியிருந்தோம். ஒரு வால்வு ஆம்ப் (பழைய மாதிரிக் கண்ணாடிக் குழாய் வைத்தது), ஒரு சிப் ஆம்ப். மாற்றி மாற்றிக் கேட்டதில் எல்லாரும் வால்வு ஆம்ப்தான் உயிரோட்டமாக இருக்கிறது என்றார்கள். குழுவில் எழுதவும் கிளம்பிவிட்டார்கள். இருங்கள், அளந்துவிடுவோம் என்றேன். காதை வைத்துச் சமப்படுத்தினால் சரியாக வராது. 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தோம். (1 கிலோஹெர்ட்ஸில் மலிவான மீட்டர்களை நம்ப முடியாது, அதனால்தான் 100.) சிப் ஆம்ப் 2.00 வோல்ட், வால்வு ஆம்ப் 2.24. கிட்டத்தட்ட 1 டெசிபல் கூடுதல். அந்த அளவு வித்தியாசம் சத்தம் கூடினதாகத் தோன்றாது. தெளிவு, அழுத்தம் என்றுதான் மனசில் படும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2.02க்கு இறக்கிவிட்டு, பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, பின்னால் ஒருவர் காசு சுண்டிப் போட்டு மாற்றினார். அவர் வாயே திறக்கவில்லை, இருமக்கூட இல்லை. இந்த முறை பெரும்பாலானவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் தொடர்ந்து சரியாகச் சொன்னார், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு. பாஸில் (தாழ்ந்த ஒலியில்) ஏதோ தளர்வாக இருக்கிறது என்றார்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவர் காதில் விழுந்தது உண்மை. வால்வு ஆம்ப்களுக்குப் பொதுவாக வெளியீட்டு மின்மறுப்பு (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) அதிகம். ஸ்பீக்கரின் மின்மறுப்போ அதிர்வெண்ணுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்தால், எந்த அதிர்வெண்ணை ஆம்ப் எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதே ஸ்பீக்கருக்கு ஏற்ப மாறிவிடும். 100 ஹெர்ட்ஸில் சமப்படுத்தினாலும் 50இல் சமமாக இருக்காது. இதைக் குழுவில் எழுதினபோது ஒருவர்கூடத் திட்டவில்லை. அவரவர் ஸ்பீக்கரின் மின்மறுப்பு வரைபடத்தைத் தேடி எடுத்துப் போட்டார்கள், பேச்சு வாரக்கணக்கில் ஓடியது. சோதனை கேட்கும் விதி கேட்கிறவனின் காதை அவமானப்படுத்துவதற்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த நண்பர் வெறுமனே எழுதியிருந்தால் அவரையும் கற்பனை என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இன்னொன்று. எண்ணை வைத்து அடிக்கிறவர்களையும் மட்டுறுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் 70களின் ஸ்பீக்கர் ஜோடியைத் தானே பழுது பார்த்து, படம் போட்டிருந்தார். கோன் விளிம்பு ஃபோமை அத்தனை அழகாக மாற்றியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் தன் டிஏசியின் (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக மாற்றும் கருவி) சினாட் எண் (இரைச்சலும் சிதைவும் எவ்வளவு குறைவு என்று காட்டுவது) 120 டெசிபல் என்று ஒட்டி, "இந்தக் குப்பையில் என்ன கேட்கும்" என்று எழுதினார். சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில், சாதாரண வால்யூமில், அந்த 120இல் பெரும்பகுதி யாருக்கும் எட்டாது. அதுவும் ஆதாரமில்லாத கூற்றுதான், எண் இருப்பதால் அறிவியல் ஆகிவிடாது. அந்தப் பதிவை நீக்கச் சொல்லி நானே முறையிட்டேன்.

மதுரை, எல்பி சேகரிப்பவர்

நான் மட்டுறுத்தப்பட்ட கட்சி. வேறு ஒரு குழுவில், "இந்தப் பாட்டில் பேஸ் கிட்டார் எல்பியில் முழுசாகக் கேட்கிறது, சிடியில் அமுங்கிப் போகிறது" என்று எழுதினேன். 'ஆதாரம் இல்லை' என்று ஒற்றை வரி போட்டுத் தூக்கிவிட்டார்கள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டேன், இன்றுவரை வருத்தம் இருக்கிறது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் 80களின் இளையராஜா எல்பிகள் இருக்கின்றன, அதே பாடல்கள் பின்னால் வந்த சிடிகளும் இருக்கின்றன. அந்தச் சிடிகளில் சிலவற்றை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பாருங்கள். அலை மேலும் கீழும் மழித்துவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும். சத்தமாகக் கேட்க வேண்டும் என்று மாஸ்டரிங்கிலேயே (பதிவை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசி வேலை) அமுக்கியிருக்கிறார்கள். எல்பிக்கு அந்த மாஸ்டர் போகவில்லை. நான் கேட்டது இரண்டு வடிவங்களின் வித்தியாசம் இல்லை, இரண்டு மாஸ்டர்களின் வித்தியாசம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிடிதான் உசத்தி, எனக்கும் தெரியும். 16 பிட்டில் கிடைக்கிற 96 டெசிபல் எல்பிக்கு எட்டாது, தட்டின் உள்வரிகளுக்குப் போகப் போக 'ஸ' ஒலி கரகரக்கும். ஆனால் "எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு?" என்று மட்டுறுத்துநர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கே நல்ல பேச்சு நடந்திருக்கும்.

எங்கள் பக்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற எல்பி நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. மூல நாடாவிலிருந்து நேராக வெட்டியது என்று ரசிகர்கள் நம்பிக் கொண்டாடிய எல்பிகளில் பலவற்றுக்கு நடுவில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவில் பதிவு செய்யும் கட்டம் இருந்தது. ஃபீனிக்ஸ் நகரத்து ரெக்கார்டு கடைக்காரர் ஒருவர் காணொளியில் சொன்னார். கொஞ்ச நாளில் நிறுவனத்தின் பொறியாளர்களே ஒத்துக்கொண்டார்கள். 2011 முதலே அப்படி நடந்திருக்கிறது. வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் போய் நின்றது. அந்தத் தட்டுகளில் 'அனலாக்கின் ஆன்மா' கேட்கிறது என்று வருஷக்கணக்கில் எழுதியவர்களை அன்று கிண்டல் செய்து தீர்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தட்டுகள் நன்றாகத்தான் ஒலித்தன, மாஸ்டரிங் செய்த கைகள் நல்ல கைகள். காரணத்தைத்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திருச்சி, வானொலியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை, சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். டிஏசி பற்றிய பேச்சில் நான் ஏதோ எழுத, "ஐயா, இந்த வயசில் உங்கள் காதுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு தம்பி கேட்டார். மட்டுறுத்துநர் அந்த வரியை எடுத்துவிட்டு, விவாதத்தை அப்படியே விட்டார். நான் கேட்கவே இல்லை, அவராகவே செய்தார்.

பிறகு அதே தம்பி தன் அறையில் பாட்டு ஓடுவதைப் பதிவு செய்து போட்டார், புது டிஏசி வந்தும் பாஸே இல்லை என்று. ஹெட்போனில் கேட்டேன். குரல் நடுவில் நிற்கவில்லை, இரண்டு காதுக்கும் வெளியே பரவிக் கிடந்தது. பாஸ் சுத்தமாகக் காணோம். "தம்பி, ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறதா பாருங்கள்" என்று எழுதினேன். மாறித்தான் இருந்தது. ஒயரைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. நன்றி சொல்லி ஃபோன் செய்தார், இப்போது அடிக்கடி பேசுகிறோம்.

இழையைத் தொடங்கியவர்

ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எடுத்துப் போடலாமா? மதுரை நண்பரின் "எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு" கேள்வியை நாங்களும் விதியில் சேர்த்துக்கொள்கிறோம். பதிவை நீக்குவதற்கு முன் ஒரு முறையாவது கேள்வி கேட்க வேண்டும் என்பதையும்.

இன்னொரு அனுபவம். ஒருவர் ஒரே டிஏசியைத் திரும்பத் திரும்பப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார். விசாரித்ததில் அதை விற்பவரே அவர்தான். நீக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'விற்பனையாளர்' என்று போட்டுக்கொள்ளச் சொன்னோம், போட்டுக்கொண்டார். பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நிஜமாகவே அதிகம், இப்போது எல்லாரும் அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள்.

ஆய்வுகளைத் தடியாகப் பயன்படுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹை-ரெஸ் பேச்சு வந்தால் ஒரு தரப்பு 2007இல் மேயர், மொரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஹை-ரெஸ்ஸைச் சிடித் தரத்தோடு ஒப்பிட்டுச் செய்த சோதனையை ஒட்டும். 554 முறையில் 276 சரி, காசு சுண்டினால் கிடைக்கிற அளவுதான். மறு தரப்பு 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிச் செய்த தொகுப்பாய்வை ஒட்டும். 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரி, பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே. ஒன்றை மட்டும் ஒட்டினால் மற்றதை நானே கீழே ஒட்டுகிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வித்தியாசம் இருந்தாலும் மிகச் சின்னது என்று புதியவருக்குப் புரிந்துவிடும். பார்த்துக்கொண்டு கேட்டால் எப்படி ஆகும் என்பதற்கு ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர்கள் 1994இல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் செய்தது போதும். 40 பேர், எல்லாரும் ஹார்மன் ஊழியர்கள், நான்கு ஸ்பீக்கர்கள். திரை போட்டபோது ஒரு மதிப்பெண், ஸ்பீக்கர் கண்ணில் பட்டபோது வேறு மதிப்பெண். ஒலியோடு தினமும் புழங்குகிறவர்களுக்கே அப்படி என்னும்போது, நம் குழுவில் ஒருவருக்கு நடந்தால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

சேலம், புதிய உறுப்பினர்

எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) வித்தியாசம் எனக்குத் தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வேண்டும். எதில் ஆரம்பிப்பது?

இழையைத் தொடங்கியவர்

கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பாட்டு இயக்கும் மென்பொருளைப் போட்டு, ஏபிஎக்ஸ் துணைநிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபிளாக் கோப்பிலிருந்து நீங்களே எம்பி3 மாற்றி எடுங்கள், இணையத்தில் கிடைக்கிறதை எடுத்தால் மாஸ்டர் வேறாக இருந்துவிடும். ரீப்ளேகெயினை (சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இரண்டுக்கும் ஒரே மாதிரி வையுங்கள். முதலில் 128 கேபிபிஎஸ்ஸில் (எண் குறையக் குறையச் சுருக்கம் அதிகம்) பழகுங்கள், நேராக 320க்குப் போனால் எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. பாட்டு முழுவதும் ஓட்டாமல் ஐந்து விநாடித் துண்டாக எடுங்கள். கஞ்சிராவோ தாளமோ திடீரென்று விழுகிற இடமாக இருந்தால் நல்லது, அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கலான சரசரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். 16 முறை என்று முடிவு செய்துவிட்டு உட்காருங்கள். எத்தனை வந்தாலும் இங்கே எழுதுங்கள்.