எக்ஸ்போர்ட் விலை என்று கேட்டு ஆறு கிடா கொடுத்தேன்

கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு, நாற்பது உருப்படி கொடி ஆடு வைத்திருக்கிறேன். போன வருடம் ஆவணி கடைசியில் ஒருவர் வீட்டுக்கே வந்தார். துபாய்க்குக் கறி அனுப்பும் கம்பெனிக்குக் கிடா பிடிக்கிறாராம். பல் போடாத இளங்கிடா, 20லிருந்து 25 கிலோ, சொறி காயம் இருக்கக் கூடாது, உயிர் எடை கிலோ 340 ரூபாய், பணம் பதினைந்து நாளில். எக்ஸ்போர்ட் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது, ஆறு கிடாவை ஏற்றிவிட்டேன். எடை போட்ட இடத்தில் வயிற்றுத் தீனிக்கென்று ஆட்டுக்கு இரண்டு கிலோ கழித்தார்கள், பணம் வர இரண்டு மாதம் ஆனது.

மீதிக் கிடாக்களை வைத்திருந்து தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டு போனேன். ஒரு வியாபாரி கிடாவின் நடுமுதுகை அழுத்தி, வாலடியைப் பிடித்துப் பார்த்து, ‘பத்து கிலோ கறி தேறும்’ என்றார். அப்புறம் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து ரகசியமாக விலை பேசி 9,800 ரூபாய்க்கு முடித்தோம். வீட்டில் எடை போட்டபோது அந்தக் கிடா 22 கிலோ. கணக்குப் பாருங்கள், கிலோ 445 வருகிறது, பணமும் கையில்.

அதன்பிறகுதான் ஏற்றுமதிக் கணக்கைத் தேடிப் படித்தேன். 2022-23இல் நாடு முழுவதிலும் இருந்து வெளியே போன ஆட்டுக்கறி, செம்மறியும் சேர்த்து, சுமார் 9,600 டன், மதிப்பு 537 கோடி. வகுத்தால் கிலோ 560 ரூபாய்தான். எங்கள் ஊர்க் கடையில் அப்போது கறி 800. நாட்டில் வருடத்துக்கு வெட்டுவது பத்து லட்சம் டன்னுக்கு மேல், அதில் வெளியே போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஊர்க்காரர் கொடுக்கும் விலையை ஏற்றுமதிக்காரர்களால் கொடுக்க முடியாது. அவர் ஆவணி கடைசியில் வந்த காரணமும் இப்போது புரிகிறது, புரட்டாசியில் இங்கே கறிக்கடை காற்று வாங்கும், ஆடு வளர்ப்பவர் அந்த நேரத்தில் பயந்து விற்றுவிடுவார். தீனி இருந்தால் அந்த ஒரு மாதம் பொறுங்கள்.

—

நான் ஷார்ஜாவில் கறிக்கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். அண்ணன் சொல்வது சரி, ஆனால் அங்கே நம் கறிக்கு மதிப்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முழு ஆட்டை உரித்து, குளிரூட்டி, வெள்ளைத் துணி உறை போட்டு விமானத்தில் அனுப்புவார்கள். எத்தியோப்பியா, பாகிஸ்தான் ஆடுகளுக்குப் பக்கத்திலேயே தொங்கும், விலை அவற்றைவிடக் கூடுதல், நம்மவர்களும் மலையாளிகளும் இந்தியக் கறிதான் வேண்டும் என்று கேட்டு நிற்பார்கள். அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதி விமானக் கூலிக்கும் இடையில் இருப்பவர்களுக்கும் போய்விடுகிறது. கொரோனாவில் விமானம் நின்றபோது எங்கள் கடையில் இந்தியக் கறி தொங்கும் கொக்கி வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 2019-20இல் நாட்டிலிருந்து 14,000 டன் போனது, அடுத்த வருடம் பாதியாகிவிட்டது. விமானத்தை நம்பிய வியாபாரம் அது.

—

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வாரம் தவறாமல் போகிறேன். ஒன்றே ஒன்று, வீட்டில் ஒரு தொங்கு தராசு வாங்கி வையுங்கள். கண்மதிப்பில் விற்றபோது ஆட்டுக்கு இரண்டு மூன்று கிலோ எனக்கு நஷ்டமாகியிருக்கிறது. எடை தெரிந்து போனால் துண்டுக்குள் விரல் தடுமாறாது.

—

முதலில் எழுதியவன்தான். தராசு வாங்கிவிட்டேன். அந்த ஆள் இந்த ஆவணியிலும் போன் செய்தார். கிலோ 420, எடை என் வீட்டு வாசலில், கழிவு கிடையாது, பணம் அன்றைக்கே என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் கூப்பிடவில்லை.