சென்னை – சிங்கப்பூர்: உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம்?

கேள்வி:
வணக்கம். அம்மா ஜூலை 14 இரவு சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, காலை 6.05க்கு அங்கே இறங்குவது என்று இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். ஆனால் திரும்பும் டிக்கெட்டில் இரவு 8.00க்குக் கிளம்பி 9.35க்கே சென்னை வந்துவிடுகிறது! வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் மூன்றேகால் மணி நேரம்தானே ஆக வேண்டும்? அம்மாவிடம் எதைச் சொல்வது?

மறுமொழி 1:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6.05 என்றால் இங்கே 3.35. ஆக, போகும்போது 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது இரண்டரையைக் கூட்டுங்கள்: 4 மணி 5 நிமிடம். அம்மாவிடம் நாலரை மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, பாதி பயம் போய்விட்டது. அப்படியும் ஒரு மணி நேரம் இடிக்கிறதே? தூரம் ஒன்றுதான் எனும்போது திரும்ப வர 15 நிமிடம் குறைவது ஏன்?

மறுமொழி 2:
அந்த 4.20 முழுக்கப் பறக்கும் நேரம் இல்லை. இங்கே நிற்கும் இடத்தை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். 900 கி.மீ. வேகமும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்துக்குப் போன பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடைக்காது. 2,900 என்பது பூமி உருண்டை மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் வகுத்து வைத்த வான்பாதையில் வங்காள விரிகுடாவைக் கடந்து, சுமத்ராவின் வட முனைப் பக்கம் போய், மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும். கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அப்புறம் காற்று. கிழக்கே போனால் நேரம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வடக்கே, டெல்லி – டோக்கியோ மாதிரிப் பாதைகளுக்குப் பொருந்தும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். ஜூலையில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்காற்று, சென்னைக்குத் திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று.

மறுமொழி 3:
தம்பி, நேரத்தைவிடத் தேதியைக் கவனியுங்கள். அம்மா ஏறுவது 14, இறங்குவது 15. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும்போது 15 என்றுதான் போட வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், அதாவது 13ஆம் தேதியிலிருந்து. குடிவரவுத் துறையின் தளத்தில் அது இலவசம்; யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முழங்கால் வலிக்கு நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், நடுவில் எழுந்து நாலு எட்டு நடக்கலாம். சாங்கியில் நடை அதிகம், சக்கர நாற்காலியை இப்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஜன்னல் ஓரம்தான் போட்டிருந்தேன், இப்போதே மாற்றிவிட்டேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. அட்டையை 13ஆம் தேதி நிரப்புகிறேன். மூவருக்கும் மிக்க நன்றி.