விமான இறக்கை கட்ட என்னென்ன வாங்கினீர்கள், எதற்கு வருந்தினீர்கள்?

அரியாங்குப்பத்துக்காரர்

வால் பகுதியை முடித்து ஒரு வருடம் ஆகிறது. இறக்கைப் பெட்டி போன மாதம் வந்து இறங்கியது. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் இரண்டு இருக்கை அலுமினிய விமானம். பெட்டியைப் பிரித்த அன்று தெருவே வந்து பார்த்தது. நீலத் தாள் ஒட்டிய தகடுகளையும், மாட்டு விலா எலும்பைப்போல அடுக்கிவைத்த சட்டங்களையும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி "கல்யாணப் பந்தல் சாமானா தம்பி?" என்று கேட்டார்.

வாலுக்குப் போதுமாக இருந்த கருவிகள் இறக்கைக்குப் போதவில்லை. முதலில் கைவிட்டது கிளீக்கோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரிவெட் (தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணி) அடிக்கும் முன் இரண்டு தகடுகளின் துளைகள் நகராமல் பிடித்துக்கொள்ளும் சிறிய ஸ்பிரிங் ஊசி அது. தையற்காரருக்குக் குண்டூசி எப்படியோ, நமக்கு இது அப்படி. வெள்ளி நிறம் 3/32 அங்குலத்துக்கு, செம்பு நிறம் 1/8 அங்குலத்துக்கு. வாலை 250 ஊசிகளில் ஒப்பேற்றிவிட்டேன். இறக்கையில் ஒரு மேல்தகட்டைப் பூட்டுவதற்குள் அவ்வளவும் தீர்ந்துவிட்டது. நாலு துளைக்கு ஒன்று, ஐந்து துளைக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்ததில் தகடு நடுவில் பூரிபோல உப்பிக்கொண்டது. இன்னும் 500 வரும்வரை ஒன்றரை மாதம் பட்டறையைப் பூட்டிவைத்தேன்.

டிரில் பிட் அடுத்த தலைவலி. வரைபடம் 40-ஆம் எண், 30-ஆம் எண் என்று கேட்கிறது. நம் கடைத்தெருவில் கிடைப்பது மில்லிமீட்டர் பிட். 40-ஆம் எண் என்பது 2.49 மி.மீ., ஆகவே 2.5 போட்டால் தாராளமாக வேலை நடக்கும். 30-ஆம் எண் 3.26 மி.மீ. கடைக்காரர் 3.5-ஐ எடுத்து நீட்டி, "கால் மில்லியில் என்ன சார் குடி முழுகிவிடும்?" என்றார். 3.5 துளையில் ரிவெட் கிழவி வாய்ப் பல்போல ஆடும். 3.25 என்று கேட்டு, இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள்.

கொத்தனார் கருவிகள் கைகொடுத்ததுதான் நான் எதிர்பாராதது. இறக்கையைத் தச்சரிடம் செய்த இரண்டு மரக்கால்களில், முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திவைத்திருக்கிறேன். அதில் முறுக்கு விழுந்தால் விமானம் ஆயுள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே பறக்கும். அதைப் பார்க்க முன்பக்க முதன்மைச் சட்டத்தின் இரு கோடிகளிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் பின்சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இரு கோடியிலும் ஒரே அளவு வந்தால் முறுக்கு இல்லை. எங்கள் ஊரில் காற்று சும்மா இருக்காதே. குண்டு ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தது. வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனார் இதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து குண்டுகளை அதில் முக்கினார். நூல் அசையாமல் நின்றது.

கருவியில் இப்படிக் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் இறக்கைக்குள் போய் அங்கேயே தங்கிவிடும் பொருளில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. 1/8 ரிவெட் தீர்ந்துபோனபோது, பஸ் கூண்டு கட்டும் நண்பர் ஒருவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அளவும் அதே, நிறமும் அதே. விமான ரிவெட்டின் தலையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: நடுவில் ஊசியால் குத்தியதுபோல ஒரு குழி இருக்கும். அது உலோகக் கலவையின் அடையாளம். பஸ் ரிவெட்டில் அது இல்லை. இரண்டையும் இரும்புக் கட்டையில் வைத்து ஒரே சுத்தியலால் அடித்துப் பார்த்தோம். பஸ் ரிவெட் அப்பளமாகிவிட்டது, விமான ரிவெட் முறைத்துக்கொண்டு நின்றது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.


மஞ்சக்குப்பம் டிங்கர்

சார் சொன்ன அந்த ரிவெட் பையைக் கொண்டுபோனவன் நான்தான். இருபது வருடமாகப் பஸ் கூண்டு கட்டுகிறேன். ரிவெட் அடிக்க ஆள் வேண்டும் என்று அவர் கூப்பிட்டபோது, இது என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

முதல் அடியிலேயே மானம் போயிற்று. அந்தத் தகடு முக்கால் மில்லிகூட இல்லை. எங்கள் பஸ் தகட்டில் அடிக்கிற கணக்கில், காற்றில் ஓடும் ரிவெட் துப்பாக்கியை வைத்து அழுத்தினேன். முனை கொஞ்சம் வழுக்கி, ரிவெட்டை ஒட்டிப் பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. சார் திட்டவில்லை. "டீ சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு கம்ப்ரசர் காற்றை 40 பவுண்டுக்கு இறக்கி, வேண்டாத தகட்டுத் துண்டுகளில் நாள் முழுக்க அடித்துப் பழகினேன். கெட்டுப்போன ரிவெட்டை எடுப்பதும் ஒரு தனிக் கலை. தலையின் நடுக்குழியில் பிட்டை வைத்து, தலையின் கனத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். ஒரு முடி கூடினாலும் தகட்டின் துளை பெரிதாகிவிடும். பிறகு ஆணியைவிட மெல்லிய கம்பியைச் சொருகி நெம்பினால் தலை மட்டும் கழன்று வரும். தண்டை மெதுவாகத் தட்டிப் பின்பக்கம் தள்ளிவிடலாம். அன்று பதினொரு ரிவெட் எடுத்தேன். அதில் ஏழு என்னுடைய கைவண்ணம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பின்பக்கம் தாங்கும் டாலிக் கட்டையை மலிவு என்று சாதாரண இரும்பில் வாங்காதீர்கள். டங்ஸ்டன் கட்டை விலை அதிகம்தான். ஆனால் கைக்குள் அடங்கும் அளவிலேயே நல்ல கனம் இருக்கும், இடுக்கில் நுழையும், கையில் அதிர்வும் குறைவு. அவர் வீட்டில் பிடித்துப் பார்த்த பிறகு என் பட்டறைக்கும் ஒன்று வாங்கிவிட்டேன்.


அரியாங்குப்பத்துக்காரரின் மகள்

டாலிக் கட்டையை யார் பிடித்தார்கள் என்று இரண்டு பேருமே எழுதவில்லை. நான்தான் பிடித்தேன்.

விலாச் சட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகளில் அப்பாவின் கை நுழையாது, டிங்கர் அண்ணனின் கை நுழையவே நுழையாது. அதனால் முழங்கைவரை இறக்கைக்குள் விட்டு, கண்ணால் பார்க்க முடியாத ரிவெட்டின் வாலைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து, கட்டையைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு காத்திருப்பேன். காதில் அடைப்பான் இருப்பதால் பேச்சு எதுவும் எடுபடாது. கட்டையால் தகட்டை ஒரு தட்டு தட்டினால் 'அடி', இரண்டு தட்டினால் 'நிறுத்து', மூன்று தட்டினால் 'கெட்டது, எடுக்க வேண்டும்'. மூன்று தட்டு கேட்டால் அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரியும்.

சரியாக அடிபட்ட ரிவெட்டின் பின்தலை, தண்டைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம். இதை அளக்கக் கையடக்கமான ஒரு தகட்டு அளவுகோல் விற்கிறார்கள். முதல் நூறு ரிவெட்டுக்கு அது தேவைப்பட்டது. இப்போது நகத்தால் தடவினாலே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, கையுறை இல்லாமல் இறக்கைக்குள் கைவிடாதீர்கள். சட்ட ஓரங்களில் பிசிறு எடுப்பதை அப்பா முதலில் அரைகுறையாகத்தான் செய்திருந்தார். என் முழங்கைக் கீறலைப் பார்த்த பிறகு ஒவ்வொரு விலாவையும் கழற்றி மறுபடி தேய்த்தார். விரிசலும் அந்தப் பிசிறிலிருந்துதான் தொடங்குமாம். என் கை கிழிந்ததில் இறக்கை பிழைத்தது.


தேவனாம்பட்டினம் படகுப் பட்டறை

எங்களுடையது ஃபைபர் படகு வேலை. விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தேன். ஒருநாள் காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய இறக்கை அலுமினியம் இல்லை. தெர்மாக்கோல் மாதிரியான நுரைக்கட்டையைச் சூடான நைக்ரோம் கம்பியால் வடிவத்துக்கு அறுத்து, அதன்மேல் கண்ணாடி நூல் துணி போர்த்தி ரெசின் பூசுவது. கட்டையை அறுத்துவிட்டார். "படகுக்குப் போடுகிற ரெசின் நாலு லிட்டர் கொடுங்கள்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அவர் கொண்டுவந்த நுரைத்துண்டை அதில் போட்டேன். வாயில் போட்ட பஞ்சுமிட்டாய்போலக் கரைந்துபோயிற்று. படகு ரெசின் பாலியெஸ்டர்; அதிலிருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைத் தின்றுவிடும். எப்பாக்ஸிதான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மனிதர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் நின்றார்.

ஐப்பசியில் மறுபடி வந்தார். எப்பாக்ஸி பூசிய மேற்பரப்பு வெள்ளை படர்ந்து பிசுபிசுக்கிறதாம். காற்றில் ஈரம் ஏறினால், எப்பாக்ஸி இறுகக் கலக்கும் ஹார்டனர் அப்படித்தான் பூக்கும். அப்படியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தப் பிசுக்கு உள்ளே இறங்கிவிடும்; முதலில் வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பிறகுதான் தேய்ப்பது, அடுத்த பூச்சு.

எங்களுக்கும் அவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகாத விஷயம் ஒன்று. படகில் ரெசினைத் தாராளமாக ஊற்றுவோம். அவர் ரப்பர் தகட்டால் வழித்து வழித்து எடுப்பார். "கூடுதல் ரெசினால் பலம் வராது, எடைதான் வரும்" என்பார். வழித்தெடுத்ததை எடைபோட்டு நோட்டில் எழுதுவார். எங்கள் பையன்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை.


தாழங்குடா

கருவி இல்லை, எச்சரிக்கை. என் மைத்துனர் பாதி கட்டிய அலுமினிய இறக்கை ஒன்றை வாங்கி என் கிடங்கில் வைத்திருந்தார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். தண்ணீர் இறக்கையைத் தொடவில்லை, பரணில்தான் இருந்தது. ஆனால் அந்த நீலத் தாளை, கீறல் விழாமல் இருக்கட்டும் என்று உரிக்காமல் விட்டிருந்தோம். தைமாதம் உரித்தால் உள்ளே புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள். உப்பு ஈரம் தாளுக்கடியில் புகுந்து தகட்டை அரித்திருக்கிறது. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் தாளை உரித்துவிட்டு ப்ரைமர் பூசி வையுங்கள்.


முத்தியால்பேட்டை

பெட்ரோல் தொட்டிக்குப் பூசும் சீலண்ட் வரவழைக்கும்போது டப்பாவின் காலாவதித் தேதியை அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். எனக்கு வந்த டப்பா வழியிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டது. மீதிப் பாதி, அதைச் சுங்கத்திலிருந்து விடுவிக்க நான் அலைந்ததில் கழிந்தது.


அரியாங்குப்பத்துக்காரர்

சீலண்ட் பேச்சு வந்ததால் என் தொட்டிக் கதையையும் எழுதிவிடுகிறேன். இந்த விமானத்தில் இறக்கையின் முன்பாகமே பெட்ரோல் தொட்டி. ஒவ்வொரு ரிவெட்டும் ஒவ்வொரு மடிப்பும் கசியக் காத்திருக்கும் இடம்.

சீலண்ட் இரண்டு டப்பாவாக வரும்: வெள்ளைப் பசை பத்துப் பங்கு, கறுப்புப் பசை ஒரு பங்கு, எடைக் கணக்கில். கண்ணளவில் கலக்க முடியாது. தெரிந்த ஆசாரி ஒருவர் தன் பழைய நகைத் தராசைக் கொடுத்தார். எங்கும் வரி தெரியாத ஒரே சாம்பல் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். டப்பாவில் வேலை நேரம் 2 மணி என்றிருக்கும். அது 25 டிகிரிக்கு. நம் சித்திரையில் ஒரு மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். ஆகவே விடியற்காலை நாலரைக்கு எழுந்து கலந்தோம். மூலைகளில் பசையை வழிக்க மகள் சேர்த்துவைத்த குச்சி ஐஸ் குச்சிகளைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அழுகிய முட்டை நாற்றம். பந்தல் சாமான் பாட்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இறுகியபின் கசிவுச் சோதனை. இதற்கும் கொத்தனாரின் டியூப் மட்டம்தான். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் செருகி, சைக்கிள் பம்பால் மிக மெதுவாகக் காற்றடித்தால் இரு பக்கத் தண்ணீருக்கும் உயர வித்தியாசம் வரும். 70 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம். அதற்குமேல் போகக் கூடாது, தொட்டி உப்பிவிடும். நான் 68-ல் நிறுத்திச் சுவரில் பென்சில் கோடு போட்டேன். மணி பகல் இரண்டு, கொட்டகைக்குள் 34 டிகிரி.

நாலு மணிக்குப் போனால் 57. பதினோரு சென்டிமீட்டர் போய்விட்டது. தொட்டி முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி வரவில்லை. மறுபடி பூசினேன். டிங்கர் தம்பியைக் கூப்பிட்டேன், அவரும் வந்து பூசினார். மகள்தான் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "கடல்காற்று ஏறிவிட்டது அப்பா, 31" என்றாள். மூன்று டிகிரி குறைந்தாலே உள்ளிருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு இறங்கும். அது தண்ணீர்க் கணக்கில் பத்துப் பதினோரு சென்டிமீட்டர். போதாததற்கு வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தமும் நம் பக்கத்தில் தினமும் காலை பத்து மணிவாக்கில் ஏறி மாலை நாலு மணிவாக்கில் இறங்கும். ஒரே நேரம், ஒரே வெப்பம், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஒப்பிட முடியும்.

மறுநாள் இரண்டு மணிக்கு மூன்று பேரும் போய் நின்றோம். 34 டிகிரி. தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நின்றது. டிங்கர் தம்பி கோட்டின்மேல் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "அடுத்த தொட்டிக்கு எத்தனை குச்சி வேண்டும்?" என்று கேட்டார். மகள் முப்பது என்றாள். ஐஸ் வாங்கக் காசு கேட்டாள்.