டோக்கனையும் வாங்கிக்கொண்டு வீடு இல்லை என்கிறார்கள்!

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு மாதமாக வீடு தேடுகிறேன். போன ஞாயிறு ஒரு மாடி வீடு பிடித்தது. வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. ஆதார், சம்பளச் சீட்டு, ஆபீஸ் அடையாள அட்டை எல்லாம் ஜெராக்ஸ் கொடுத்து, புரோக்கருக்கு 5,000 டோக்கனும் ஜிபேயில் போட்டேன். இறங்கும்போது ஓனரம்மா "கறி, மீன் சமைப்பீங்களா?" என்றார். ஞாயிறு மட்டும் என்றேன், தலையாட்டினார். புதன்கிழமை புரோக்கர் போன் செய்து, "அவங்க சொந்தக்காரப் பையன் வர்றானாம் சார்" என்கிறார். டோக்கனில் 3,000தான் திரும்பி வந்தது, மீதி அவர் அலைச்சலுக்காம். நேற்று அந்தத் தெரு வழியாகப் போனேன், டூலெட் போர்டு அப்படியே தொங்குகிறது.

மாடிவீட்டு ஓனர்:
டோக்கனில் பிடித்தது தப்பு. ஆனால் யாரை வைப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம் தம்பி. என் வீட்டில் ஒருவர் எட்டு மாதம் வாடகை தராமல், கரண்ட் பில்லும் கட்டாமல் உட்கார்ந்திருந்தார். கிளப்புவதற்குள் அட்வான்ஸ் கரைந்து, வெள்ளையடிக்கவும் நான்தான் கைக்காசு போட்டேன். பத்து மாத அட்வான்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

கோர்ட் வாசல்:
ஓனர் ஐயா, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ்.

மாடிவீட்டு ஓனர்:
இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் கூடுதலாகவும் வாங்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கோர்ட் வாசல்:
இருக்கிறது. ஆனால் 90,000 இல்லாவிட்டால் சாவி இல்லை என்று சொல்லி வாங்குவதற்குப் பெயர் ஒத்துக்கொள்வதா? ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். 11 மாதம் போட்டால் பதிவே வேண்டாம் என்பது பழைய கணக்கு. உங்கள் வீட்டு ஒப்பந்தம் பதிந்ததா?

முத்தியால்பேட்டை:
எங்கள் பக்கம் இன்னும் வேடிக்கை. கோட்டக்குப்பத்தில் வீடு எடுத்தால் தமிழ்நாட்டுச் சட்டம், அங்கிருந்து நடந்து வந்து முத்தியால்பேட்டையில் எடுத்தால் புதுச்சேரிச் சட்டம். இரண்டு பக்கமும் புரோக்கர் ஒரே ஆள்தான். தம்பி, அந்த ஜெராக்ஸை முதலில் திருப்பி வாங்கு. இனி ஆதார் கொடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலாகக் கொடு, குறுக்கே "வாடகை வீட்டுக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் போடு.

கெடிலக்கரை:
கேட்டேன் அக்கா, "எங்கேயோ வெச்சேன், தேடிப் பாக்குறேன்" என்கிறார். எனக்கு எரிச்சல் என்னவென்றால், கறி சமைக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு அடுத்த வீட்டைப் பார்க்கப் போயிருப்பேன், ஒரு நாள் சம்பளமும் 2,000 ரூபாயும் மிச்சம். இல்லாத பையனை ஏன் இழுக்க வேண்டும்?

மாடிவீட்டு ஓனர்:
அது சரிதான், முகத்துக்கு நேரே சொல்ல நிறைய பேருக்குச் சங்கடம். செம்மண்டலத்தில் என் கீழ்ப் போர்ஷன் காலியாக இருக்கிறது, கறி மீன் பிரச்சினை இல்லை, வந்து பார்.

கெடிலக்கரை:
அட்வான்ஸ் எவ்வளவு அண்ணே?

மாடிவீட்டு ஓனர்:
எட்டு மாதம்.

கோர்ட் வாசல்:
ஐயா!