என்ஹான்சருக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வணக்கம், ஆசிரியர்களே. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கருத்தரங்கு, கையேடு வியாழன் அச்சுக்குப் போகவேண்டும். விஷயம், பண்ணைத் தாரா (வாத்து) ஏன் காட்டுத் தாராவைவிடப் பெரியது என்பது. 2018இல் சீன ஆய்வாளர்கள் காட்டுத் தாராவையும் பீக்கிங் என்ற பண்ணைத் தாராவையும் கலந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஐஜிஎஃப்2பிபி1 என்ற பரம்பரையலகு காட்டுத் தாராவில் முட்டைக்குள் இருக்கும் மட்டும்தான் வேலை செய்கிறது. பீக்கிங்கில் குஞ்சு பொரித்த பிறகும் அடங்குவதில்லை. அதனால் உடல் 15 சதவீதம் பெருக்கிறது, தீனியைப் பயன்படுத்தும் திறனும் 6 சதவீதம் கூடுகிறது. ஆனால் விகாரம் அந்தப் பரம்பரையலகுக்குள் இல்லை, அதே டிஎன்ஏ இழையில் வெகு தூரத்தில் கிடக்கும் ஒரு துண்டில். பரம்பரையலகின் வேலையைக் கூட்டும் அந்தத் துண்டுதான் என்ஹான்சர். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். 'ஊக்கி' என்று எழுதினேன். இரசாயனவியல் பாடத்து ஊக்கி என்று நினைப்பார்கள், அழித்துவிட்டேன்.

கல்முனையிலிருந்து:

மேம்படுத்தி. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை, மிஸ்?

அக்கரைப்பற்றிலிருந்து:

மேம்படுத்துவது தரத்தை, தம்பி. இது கூட்டுகிறது. நம் வயற்காரர் வாயிலேயே சொல் இருக்கிறது: பொலி. களவெட்டியில் சூடடித்துக் குவித்த நெல்லைப் பொலி என்கிறோம், 'பொலி பொலி' என்று சொல்லித்தான் அள்ளுகிறோம். பொலிதல் என்றால் பெருகுதல். அதன் பிறவினை பொலிவித்தல், ஆகவே பொலிவி. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னைக்குப் போய்க் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், நாம் இங்கே இருந்துகொண்டு இரவல் சொல்லா தேடுவது?

ஏறாவூரிலிருந்து:

சேர், பொலிவி என்றால் என் பிள்ளைகள் முகப்பூச்சு என்பார்கள். பொலிகாளை வேறு இருக்கிறது, இனப்பெருக்கப் பாடத்தில் குழம்பும். இன்னொன்று, பரம்பரையலகு என்று எட்டு எழுத்து எழுதுவதைவிட மரபணு என்று நாலில் முடிக்கலாமே? இணையத்தில் தேடுகிற பிள்ளைக்கு அதுதான் கிடைக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

பாடநூலில் பரம்பரையலகு, பரீட்சைத் தாளிலும் அதுதான். அதைத் தொடாதீர்கள், தயவுசெய்து. விடியப்போகிறது.

கல்முனையிலிருந்து:

அப்படியானால் தொலைவில் இருந்து இயக்கும் ஆளி (சுவிட்ச்) என்று பொருள்பட 'தொலைவாளி' போடலாம். போட்டதும் மனைவி கேட்டார், என்ன வாளி தொலைந்தது என்று.

ஏறாவூரிலிருந்து:

மிகைப்பி?

அக்கரைப்பற்றிலிருந்து:

மிகைப்பது பேச்சை. சந்தையில் தாரா விற்கிறவனுக்குப் பொருந்தும். மிகு என்பதிலிருந்து மிகுப்பி என்றாவது சொல்லுங்கள், இலக்கணம் தாங்கும். ஆனாலும் சொல்லில் உயிர் இல்லை. அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: வாத்து என்பது நாம் புத்தகத்தில் படித்த சொல், வீட்டில் தாரா. மலையாளத்திலும் தாராவுதான்.

ஏறாவூரிலிருந்து:

அது மலையாளத்திலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து போனதா என்று இனி மூன்று நாள் ஓடும்.

(உண்மையில் ஓடியது. இருபத்தேழு மடல். அவற்றில் என்ஹான்சரைத் தொட்டவை இரண்டு. ஒன்றில் ஒருவர், வெள்ளை இறகுக்கும் இதே துண்டுதான் காரணமா என்று கேட்டார். இல்லை, அது எம்ஐடிஎஃப் என்ற வேறு பரம்பரையலகில் வந்த விகாரம்.)

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

மிகுப்பிக்கு ஐந்து பேர், பொலிவிக்கு ஒருவர், இருவர் 'என்ஹான்சர் என்றே எழுது' கட்சி. மிகுப்பி என்று போட்டு, 'தூரத்தில் இருந்தபடி ஒரு பரம்பரையலகின் வேலையைக் கூட்டும் டிஎன்ஏ துண்டு' என்று பக்கத்தில் விளக்கமும் எழுதி அனுப்பிவிட்டேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை, இந்தத் துண்டின் குணம் கூட்டுவது மட்டுமல்ல, அடங்கவேண்டிய நேரத்தில் அடங்கவிடாமல் வைத்திருப்பதும்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அந்தக் கடைசி வரிக்குப் பொலிவிதான் பொருந்தும் என்று பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். என் வகுப்பில் அதைத்தான் எழுதுவேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எழுதுங்கள் சேர். கையேடு வந்துவிட்டது. அட்டையில் தாரா, உள்ளே எல்லாம் வாத்து. அச்சகத்துத் தம்பி திருத்திவிட்டாராம்.